டப்பாவில் என் பெயர் இருக்கிறதா, டீச்சர்?

பாடவேளை 40 நிமிடம். ஏழாம் வகுப்பில் 42 பிள்ளைகள். வருகை எடுப்பது, நோட்டைக் காணோம் என்பவனுக்குத் தாள் தேடிக் கொடுப்பது, பேனாவைப் பிடுங்கிக்கொண்டான் என்ற வழக்கை விசாரிப்பது எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்தை விழுங்கிவிடும். மிச்ச நேரத்தில் பாடமே நடத்தாமல் ஆள் ஆளாகக் கவனித்தாலும் தலைக்கு ஒரு நிமிடம் தேறாது. பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் “ஒவ்வொரு மாணவரிடமும் தனிக் கவனம் செலுத்துங்கள்” என்று சொல்லிவிட்டுக் கருத்தாளர் தேநீருக்குப் போய்விடுவார். நான் கணக்கு டீச்சர். அந்த வகுத்தல் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. சரி, 35 பேர் என்றே வைத்துக்கொள்வோம். வகுத்தால் அப்போதும் தலைக்கு ஒரு நிமிடம்தான். ஆகவே தனிக் கவனத்தை நிமிடக் கணக்கில் பங்கு போடும் யோசனையை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

எங்கள் பள்ளி தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் நடுநிலைப் பள்ளி. பல வீடுகளில் அம்மா சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவார். அப்பா கட்டட வேலைக்கோ கேரளத்துக்கோ போயிருப்பார். இந்தப் பிள்ளைகளோடு பழகியதில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயம் உண்டு. டீச்சர் யாரிடம் எத்தனை நிமிடம் நின்றார் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தன் முறை வந்ததா, வந்தபோது டீச்சர் காது கொடுத்துக் கேட்டாரா, அவனுக்குச் சொன்ன சட்டம்தான் தனக்குமா என்று பார்க்கிறார்கள். இந்தக் கணக்கை அவர்கள் வைத்திருக்கும் துல்லியத்துக்கு என் மதிப்பெண் பதிவேடு பக்கத்தில் நிற்க முடியாது.

முதலில் கவனம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களை ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் சம்பந்தமாக ஒரு பிள்ளையிடம் பேசினால் அந்தப் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. கேள்வி கேட்டாலும் புள்ளி, குனிந்து நோட்டைப் பார்த்தாலும் புள்ளி. திட்டினால் மட்டும் புள்ளிக்குப் பதிலாக ஒரு கோடு. ஒரு வாரம் செய்தால் போதும். என் அட்டையிலும், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பார்த்த அட்டையிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் வந்தது. “டீச்சர், டீச்சர்” என்று பெஞ்சிலிருந்து எம்பிக் கை தூக்கும் ஏழெட்டுப் பேருக்குப் புள்ளி மேல் புள்ளி. சேட்டைக்காரர் நான்கைந்து பேருக்குக் கோடு மேல் கோடு. மிகவும் பின்தங்கியவர்களுக்கும் ஓரளவு புள்ளி உண்டு. அதிகாரி வந்தால் அவர்களைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார் என்ற பயம் எங்களை அவர்களிடம் அனுப்பிவிடும். நடுவில் ஏறத்தாழ இருபது பெயர்களுக்கு நேரே அட்டை வெள்ளையாகக் கிடந்தது.

யார் அவர்கள்? ஓரக்கோடு கிழித்து, தேதி போட்டு, அழகாக எழுதுகிற பிள்ளைகள். வீட்டுப்பாடம் தவறாது. மதிப்பெண் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்கும். பெற்றோர் வந்து கேட்டால் “தங்கமான பிள்ளை” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். தொந்தரவு தராத குற்றத்துக்காக அவர்களிடம் வாரம் முழுக்க யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். தனிக் கவனம் என்றாலே மெல்லக் கற்கும் பிள்ளையைப் பற்றித்தான் கூட்டங்களில் பேசுகிறோம். அநியாயம் அதிகம் நடப்பது இந்த நடு வரிசையில் என்பது என் கட்சி.

இதற்கு நான் வைத்திருக்கும் மருந்து ஒரு காலி பிஸ்கட் டப்பா. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஆளுக்கொரு சீட்டு, அதில் பெயர். கேள்வி கேட்டுவிட்டு ஒரு சீட்டை எடுப்பேன். கேள்வி முதலில், பெயர் பிறகு. பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற 41 பேரும் அந்தக் கணமே விடுப்பு எடுத்துக்கொள்வார்கள். கேள்விக்கும் சீட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சுகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970களில் எழுதினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்திருந்தார்களாம். மூன்று விநாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன. இவனுக்கு வராது என்று ஆசிரியர் நினைத்திருந்த பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். மூன்று விநாடி என்றால் கேட்க அற்பமாக இருக்கும். நாற்பது முகங்களுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அதன் நீளம் தெரியும். நான் அந்த நேரத்தில் கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளை மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பேன்.

சீட்டில் பெயர் வந்த பிள்ளை “தெரியாது” என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் உட்கார்ந்ததும் வேலை முடிந்துவிடாது: அடுத்த சீட்டுக்காரர் பதில் சொன்னதும் முதல் பிள்ளையிடம் திரும்பி வருவேன், அதையே தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். “தெரியாது” என்பது தப்பிக்கும் கதவாக இல்லாமல் போனதும் அந்தச் சொல்லின் நடமாட்டம் வெகுவாகக் குறைந்தது.

டப்பா முறைக்கும் கணக்குத் தணிக்கை உண்டு என்பதை ஒரு பையன் கற்றுக்கொடுத்தான். பேசாத பிள்ளை. ஒரு நாள் மணி அடித்து எல்லாரும் கலைந்தபின் வந்து நின்று, “டப்பாவில் என் பெயர் இருக்கிறதா, டீச்சர்?” என்று கேட்டான். அவன் பெயர் வந்து வெகு நாளாகியிருந்தது. மேசைமேல் கொட்டி எண்ணினோம். ஒன்று குறைந்தது. டப்பாவின் அடியில், மடிப்பில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது அவன் சீட்டு. அவன் அதை நிமிண்டி எடுத்து, முழங்கையில் தேய்த்து நேராக்கி உள்ளே போட்டான். பதில் சொல்லத் துடிக்கும் பிள்ளை என்று அவனைப் பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் தன் பெயர் வரவில்லை என்பதை எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறான். அது முதல் திங்கள்கிழமை தோறும் இரண்டு பிள்ளைகள் சீட்டுகளை எண்ணிப் பார்த்து ‘42 சரி’ என்று அட்டையில் எழுதுகிறார்கள்.

எடுத்த சீட்டை வெளியே வைத்தால் ஒரு சுற்றில் எல்லாருக்கும் முறை வந்துவிடும். ஆனால் முறை முடிந்த பிள்ளை கால் நீட்டி உட்கார்ந்துவிடும். அதனால் பெயர்ச் சீட்டுகளோடு ஐந்து சிவப்புச் சீட்டுகளும் டப்பாவில் கிடக்கும். சிவப்பு வந்தால் நான் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். எனக்கு ஒரு பிள்ளையிடம் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டியிருந்தால் சிவப்புக்குக் காத்திருப்பேன். டீச்சருக்கும் கொஞ்சம் சலுகை வேண்டும்தானே. அது பிள்ளைகள் கண் முன்னால் டப்பாவிலேயே கிடப்பதால் யாரும் முகம் சுளித்ததில்லை.

நோட்டுத் திருத்துவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசைக்கு ஒவ்வொருவராக அழைத்தால் பின்னால் ஒரு வரிசை நிற்கும், வரிசையில் அடிதடி நடக்கும். எல்லா நோட்டையும் மேலோட்டமாக ‘சரி’ போட்டு அனுப்பினால் ஒருவருக்கும் பயனில்லை. நாளுக்கு ஆறு நோட்டை மட்டும் வரி வரியாகப் பார்த்து, கீழே அந்தப் பிள்ளைக்கென்றே ஒரு வாக்கியம் எழுதுவேன்: “கடன் வாங்கிக் கழிக்கும்போது பக்கத்து இலக்கத்தைக் குறைக்க மறக்கிறாய்” என்பதுபோல. ஏழு வேலை நாளில் வகுப்பு ஒரு சுற்று முடியும். பதிவேட்டு வரிசையில் ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்று இருப்பதால் கடைசிப் பெண்கள் எதிலும் கடைசிதான். ஒரு சுற்று மேலிருந்து தொடங்கினால் அடுத்தது கீழிருந்து.

இனி, ஆளுக்குத் தக்க பாடம் என்ற பெரிய தலைவலி. தமிழகத்தில் இதற்குப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன. செயல்வழிக் கற்றல் வந்தபோது தொடக்க வகுப்புகளில் பெஞ்சு போய்ப் பாய் வந்தது. கற்றல் ஏணியில் தான் நிற்கும் படிக்குரிய அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறார்கள். கீழ் வகுப்பில் அது உதவுகிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் என்னதான் பூவின் பெயரை வைத்தாலும் எது மேலே, எது கீழே என்பது பிள்ளைகளுக்கு மறுநாளே தெரிந்துவிடும். ஏழாம் வகுப்புக்கு வந்த பிள்ளை தன்னை ‘அரும்பு’ என்று இன்னொருவன் கூப்பிடுவதைத் தாங்கமாட்டான். அந்த வயது அப்படி.

ஆகவே ஆளைப் பிரிப்பதைக் காட்டிலும், ஒரே கணக்குக்குள் பல ஆழம் இருக்கிற கணக்காகத் தேடுவேன். எனக்கு மிகவும் கைகொடுத்தது கப்ரேகர் கணக்கு. டி.ஆர். கப்ரேகர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் தன் கண்டுபிடிப்பை அறிவித்தார். ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு இலக்கமும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதிய எண்ணைக் கழியுங்கள். வந்த விடையை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். 3524 என்று தொடங்கினால் 5432இலிருந்து 2345 போக 3087. 8730இலிருந்து 0378 போக 8352. 8532இலிருந்து 2358 போக 6174. அதற்கு மேல் நகராது: 7641இலிருந்து 1467 போனாலும் 6174தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174 வந்தே தீரும்.

இதை நான் கரும்பலகையில் விளக்குவதில்லை. “பிறந்த ஆண்டை எழுதுங்கள், தொடங்குங்கள்” என்று மட்டும் சொல்வேன். கடன் வாங்கிக் கழிப்பதில் தடுமாறுகிற பிள்ளைக்கு வரிசையாகச் சில கழித்தல் கணக்கு கிடைத்துவிடுகிறது, அதுவும் பூச்சியத்தில் கடன் வாங்குகிற முரட்டுக் கழித்தல். ஐந்தாம் வகுப்புப் பாடத்தை அவனுக்கு மட்டும் தனியாகக் கொடுத்த அவமானம் இல்லை. பக்கத்தில் இருப்பவனும் அதையேதான் போடுகிறான். விடை சரியா என்று என்னைக் கேட்கவும் வேண்டியதில்லை. ஏழு படி தாண்டியும் 6174 வரவில்லை என்றால் எங்கோ தப்பு, திரும்பிப் போய்த் தேட வேண்டும். கடைசி பெஞ்சில் ஒரு பையன் அன்று தாளில் ஓட்டை விழும் அளவுக்கு ரப்பரால் அழித்தான். மூன்றாவது படியில் ஒரு 4, 5 ஆகியிருந்தது. கண்டுபிடித்தவன் என்னை அழைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்துக் காட்டினான். நான் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. தனிக் கவனத்தில் பாதி, போகாமல் இருப்பது.

சட்டென்று முடித்துவிட்ட பிள்ளைகளுக்கு அடுத்த கேள்வி தயார்: மூன்று இலக்க எண்ணில் இதைச் செய்தால் எங்கே போய் நிற்கும்? (495இல்.) ஒவ்வொரு விடையும் 9ஆல் மீதியின்றி வகுபடுகிறதே, ஏன்? அந்த ஏனுக்கு வகுப்பில் ஒருத்தி இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

வேகமாகப் போடுகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் முடிப்பவனை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க அனுப்புவது எங்கள் எல்லாருக்கும் பழக்கம். சக மாணவர் சொன்னால் சில விஷயம் சீக்கிரம் புரியும், உண்மை. ஆனால் பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா, “என் மகன் இங்கே படிக்க வருகிறானா, பாடம் நடத்த வருகிறானா, டீச்சர்?” என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான். நியாயமான கேள்வி. கெட்டிக்காரப் பிள்ளைக்கும் தனக்கு வராத ஒரு கணக்கில் முட்டி மோத உரிமை உண்டு. உதவி ஆசிரியர் வேலையும் இப்போது முறைப்படிதான் போகிறது. சொல்லிக் கொடுக்கும் முறை சுமாராகப் படிக்கிற பிள்ளைக்கும் வரும். முந்தின நாளே எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுவேன், தயார் செய்துகொண்டு வரும். அப்படித் தயார் செய்து வருகிற பிள்ளை, கெட்டிக்காரப் பிள்ளையைவிடப் பொறுமையாகச் சொல்லும்.

வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். நியாயம் என்பது எவ்வளவு சிக்கலானது என்பதை எனக்கு அதிகம் காட்டியது இதுதான்.

ஒரு மாணவி வாரத்தில் பாதி நாள் வீட்டுப்பாடம் செய்யாமல் வருவாள். காரணம் எனக்குத் தெரியும். 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா சுற்றிப் போட, இரவில் 25, 25ஆக எண்ணிக் கட்டுவது இவள் வேலை. விடைத்தாளை எண்ணிக் கொடு என்றால் கட்டை நோக்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரல் நுனியால் 25 தாளைப் பிரித்து, ஓரத்தை மேசையில் தட்டி நேராக்கி நீட்டுவாள். ஒரு தடவை, “17 கட்டு என்றால் எத்தனை?” என்று மெதுவாகக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் 425 என்றாள். ஏழெட்டு எவ்வளவு என்றால் திணறுகிற பிள்ளை. இதை வைத்தே வகுப்பில் பெருக்கல் பாடம் நடத்திவிடலாம் என்று எனக்கு ஒரே உற்சாகம். அவளிடம் அனுமதி கேட்டேன். “வகுப்பில் சொல்லாதீர்கள், டீச்சர்” என்றாள். பாதி வகுப்பின் வீடுகளில் பீடிச் சுளகு இருக்கிறது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வேண்டாம் என்றாள். சரி. மறுநாள் கரும்பலகையில் பேனாப் பெட்டிகள் வந்தன, ஒரு பெட்டியில் 25 பேனா. ஏன் 25 என்று அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். தனிக் கவனம் என்ற பெயரில் ஒரு பிள்ளையின் வீட்டை வகுப்பு நடுவே கொண்டுவந்து வைக்க எவருக்கும் உரிமை கிடையாது. கருணையோடு சொன்னாலும் கிடையாது.

வீட்டுப்பாடம் செய்யாததற்கு அவளை நான் கேட்பதில்லை. ஒரு பையன் எழுந்து கேட்டேவிட்டான்: “அவளை மட்டும் ஏன் ஒன்றும் சொல்வதில்லை, டீச்சர்?” வகுப்பு அமைதியாகிவிட்டது, எல்லாரும் மனத்தில் வைத்திருந்த கேள்விதான். “உனக்கென்ன அதைப் பற்றி?” என்று அவனை அடக்கலாம். அடக்கினால் டீச்சருக்கு வேண்டியவள் என்ற பெயர் அவளுக்கு அன்றே ஒட்டிவிடும். அவள் வீட்டு நிலைமையைச் சொல்லலாம். அதைவிடக் கொடுமை வேறில்லை. “நல்ல கேள்வி, நாளைக்குப் பதில் சொல்கிறேன்” என்று அவனை உட்கார வைத்தேன்.

மறுநாள் எல்லாருக்குமான சட்டம் வந்தது. வீட்டில் முடியாத வீட்டுப்பாடத்தை யார் வேண்டுமானாலும் மதிய உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் வகுப்பிலேயே உட்கார்ந்து முடித்துக் கொடுக்கலாம். காரணம் கேட்கமாட்டேன். கடிதம் வேண்டாம். முதல் வாரம் வகுப்பு நிரம்பி வழிந்தது. சும்மா இருந்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். வெளியே கபடிச் சத்தம் கேட்கக் கேட்க அவர்கள் ஒவ்வொருவராக வீட்டிலேயே முடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் உண்மையாகவே தேவைப்பட்ட நான்கைந்து பேர் நின்றார்கள். அவளும் அதில் உண்டு. இப்போது அவள் தனியாகத் தெரிவதில்லை. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தபோது பாதி வகுப்பு அங்கேதான் உட்கார்ந்திருந்தது. கேள்வி கேட்ட பையனும்தான், கையில் கட்டிய காப்போடு, தூக்கக் கலக்கத்தோடு.

ஒருவருக்குத் தேவைப்படுகிற சலுகையை எல்லாருக்கும் திறந்து வைத்தால், வேண்டாதவர்கள் தாமாகவே விலகிக்கொள்வார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். இதே சூத்திரத்தை உட்காரும் இடத்துக்கும் போட்டுப் பார்த்தேன். திங்கள் தோறும் முன் பெஞ்சு பின்னால் போகும், பின் பெஞ்சு ஒன்று முன்னே வரும். கண் சரியாகத் தெரியாத ஒரு மாணவன் மட்டும் எப்போதும் முன்னால். முணுமுணுப்பு எழுந்ததும், “கரும்பலகை தெரியாதவர் யாராக இருந்தாலும் முன்னால் உட்காரலாம், கை தூக்குங்கள்” என்றேன். நான்கு கை எழுந்தது. கடைசியில் நின்று சின்ன எழுத்தை வாசிக்கச் சொன்னால் இரண்டு கை இறங்கிவிட்டது. மிச்சம் இருவரையும் மருத்துவக் குழு வந்தபோது காட்டினோம். ஒருத்திக்கு உண்மையிலேயே கண்ணாடி தேவைப்பட்டது. நடு வரிசைத் தங்கமான பிள்ளைகளில் ஒருத்தி. அத்தனை நாளும் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் யார் எங்கே உட்காருகிறார் என்பது வெறும் கண் பார்வை விஷயம் அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் சக மாணவர்களால் வெட்டப்பட்டபின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, வகுப்பில் அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம். இருக்கையைப் போலவே வேலை கொடுப்பதையும் பிள்ளைகள் உற்றுப் பார்க்கிறார்கள். ஆசிரியர் அறைக்கு நோட்டுக் கட்டு தூக்கிப் போவது யார், தலைமையாசிரியரிடம் தகவல் சொல்லப் போவது யார், வகுப்பைப் பெருக்குவது யார், குப்பைக் கூடையை எடுப்பது யார். எந்தப் பெயரை எந்த வேலைக்குக் கூப்பிடுகிறோம் என்பதில் எந்தத் தெரு, ஆணா பெண்ணா என்பதெல்லாம் நம்மை அறியாமலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். என் வகுப்பில் எல்லா வேலையும் பதிவேட்டு எண்படி சுற்றி வருகிறது. துடைப்பம் பையன்களுக்கும் வரும். ஒரு பையனின் பாட்டி பள்ளி வாசலுக்கே வந்து சண்டை போட்டார். “அடுத்த வாரம் உங்கள் பேரனுக்குத் தலைமையாசிரியர் அறைக்குப் போகும் முறை, பாட்டி” என்று பட்டியலைக் காட்டினேன். சமாதானம் ஆனாரோ இல்லையோ, போய்விட்டார்.

பின்தங்கிய பிள்ளைக்கென்று தனிக் குழு வைத்தால் தலைப்பு மாறும்போது குழுவும் மாற வேண்டும். பின்னத்துக்கு உட்கார்ந்தவர்களே வடிவியலுக்கும் உட்கார வேண்டியதில்லை. பின்னத்தில் புலி, கோணமானியைப் பிடிக்கத் தெரியாமல் இந்தப் பக்கம் வருவான். வருகிறார்கள் என்பதை வகுப்பு பார்க்க வேண்டும். பாராட்டிலும் கவனம் தேவை. மற்றவன் செய்தால் ஒன்றும் சொல்லாத சின்ன விஷயத்துக்கு இவனுக்கு மட்டும் எல்லாரையும் கைதட்டச் சொன்னால், அது இரக்கம் என்று அவனுக்கே புரிந்துவிடும். “இந்தப் படியில் கடன் வாங்கியதைச் சரியாகக் குறைத்திருக்கிறாய்” என்று நோட்டில் விரல் வைத்துச் சொன்னால் போதும். மதிப்பெண்ணில் மட்டும் இரக்கம் காட்டுவதே இல்லை. விடைத்தாளைத் திருத்தும்போது பெயர்ப் பக்கத்தை மடித்துவிட்டு, முதல் கேள்வியை 42 தாளிலும் திருத்திய பிறகுதான் இரண்டாவது கேள்விக்குப் போவேன்.

உண்மையாகவே கற்றல் குறைபாடு இருக்கலாம் என்று தோன்றும் பிள்ளைகளை டீச்சரின் பாசத்தால் மட்டும் கரையேற்ற முடியாது. வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையின் நோட்டுகளை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. வாயால் “இவனுக்கு வரவில்லை” என்று சொல்வதைவிட, ‘6’ஐயும் ‘9’ஐயும் மாற்றி எழுதிய நான்கு பக்கம் அவருக்கு அதிகம் சொல்லும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்வதை எழுத ஆளும் தருகிறார்கள். அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வேலையை ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் அலைச்சல்தான் மிஞ்சும்.

பெற்றோரைச் சமாளிக்கவும் அந்தப் புள்ளி அட்டைதான் உதவுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் செல்வாக்குள்ள ஒருவர் தன் மகனை முன் பெஞ்சில் நிரந்தரமாக உட்கார வைக்கச் சொன்னார். அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்த மாதம் அவர் மகனுக்கு விழுந்த புள்ளிகளை எண்ணிப் பார்த்தார். மேலும் கீழும் இருந்தவர்களுக்கும் எண்ணினார். பிறகு, “கணக்கில் எங்கே தவறுகிறான், டீச்சர்?” என்று கேட்டார். அதைக் கேட்கத்தான் அவர் வந்திருக்க வேண்டும்.

எல்லா நாளும் இந்த ஏற்பாடு நிற்காது. ஒருவர் பயிற்சிக்கும் இன்னொருவர் விடுப்பிலும் போன நாளில் ஆறாம் வகுப்பையும் ஏழாம் வகுப்பையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிடுவார்கள். எண்பது பேர், ஒரே அறை, பாதிப் பேர் தரையில். அன்று நோட்டில் வாக்கியம் எழுதுவதை முதலில் விடுவேன். பிறகு புள்ளி அட்டை. தனிக் குழுவெல்லாம் பேச்சே இல்லை. டப்பாவை மட்டும் விடுவதில்லை. ஆறாம் வகுப்பு டப்பாவையும் எடுத்து வரச் சொல்லி இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துகொள்வேன். கரும்பலகையில் இரண்டு வகுப்புக்கும் பொதுவாக ஒரு கணக்கு. சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்து அந்தந்த டப்பாவில் போட வேண்டும். ஆறாம் வகுப்புக்காரர்கள் நீல மையில் எழுதியிருப்பதால் அந்த வேலை சுலபம்.